எங்கள் தெருவின் பதினொரு பேரும் ஒரு புற்றுநோய்ப் பதிவேடும்



எங்கள் படிப்பு வட்டத்தில் இரண்டு மாதமாக ஒரே விவாதம். ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை எங்களை அணுகியது. மாவட்ட அளவில் புற்றுநோய் பற்றி மக்கள்தொகை சார்ந்த ஆய்வு ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள். காலனிகளுக்குள் போய்த் தகவல் சேகரிக்க எங்கள் பிள்ளைகள் வர முடியுமா என்று கேட்டார்கள். வட்டத்தில் பாதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். "நாம எப்பவும் அவங்க ஆய்வுக்கு எலியாத்தான் இருக்கணுமா அண்ணா?" என்று செவிலியர் படிப்பு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள். கேள்வி நியாயமானது. ஆனாலும் போக வேண்டும் என்றுதான் நான் சொன்னேன், நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் என்ன, அவை எங்கிருந்து வந்தன என்பதை உங்களிடம் சொல்லத்தான் இந்தப் பதிவு. உங்கள் ஊருக்கும் நாளை இப்படி ஒரு அழைப்பு வரலாம்.

எங்கள் காலனி பாலாற்றங்கரையில் இருக்கிறது. அப்பா தலைமுறை தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றது. அக்கா தலைமுறை ஷூ கம்பெனியில் பசை தடவுகிறது. தெருவில் ஏறக்குறைய 1,200 பேர். கடந்த 6 ஆண்டில் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்து 11 பேர். பெயர், வயது, எந்த இடத்தில் நோய், எப்போது தெரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மேடையில் பேசும்போது "எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேன்சர்" என்று சொல்வது எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஒரு அதிகாரி எதிரே உட்கார்ந்து "இது அதிகம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் 2022இல் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் ஏறக்குறைய 14.6 லட்சம் பேர் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீடு. அதாவது லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 100 பேர். அந்த வீதத்தில் 1,200 பேர் உள்ள தெருவில் 6 ஆண்டில் 7 பேருக்கு வரலாம். எங்கள் கணக்கு 11. அதிகம்தான். ஆனால் இப்படிச் சின்னத் தெருக்கள் நூறை எடுத்தால், தற்செயலாகவே பத்துத் தெருவில் 11 அல்லது அதற்கு மேல் வந்துவிடும். ஆக, எங்கள் நோட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மறுக்கவும் முடியாது.

இப்போது எங்கள் தெருவைப் போல 100 காலனிகளைச் சேர்த்துப் பாருங்கள். 1,20,000 பேர். எதிர்பார்க்கக்கூடியது 720 பேர். அங்கே 1,100 பேர் இருந்தால் அது தற்செயல் அல்ல. வயது, பால் வித்தியாசங்களைச் சரி செய்த பிறகும் அந்த இடைவெளி நின்றால், அதை எந்த அதிகாரியாலும் கையசைத்து ஒதுக்க முடியாது. ஒரு தெருவால் முடியாததை நூறு தெருக்கள் சேர்ந்தால் செய்ய முடியும். கூட்டு வலைப்பின்னல் தேவை என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மருத்துவமனைக் கணக்கு வேறு, மக்கள்தொகைக் கணக்கு வேறு என்பதை இளையவர்கள் முதலில் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனை தன் வாசலுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணும். பஸ்ஸுக்குக் காசில்லாமல் வராதவரை அதற்குத் தெரியாது. மக்கள்தொகைப் பதிவேடு ஒரு எல்லையைக் குறித்துக்கொண்டு, அதற்குள் வாழும் யாருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தாலும், அவர் எங்கே சிகிச்சை பெற்றாலும் எண்ண முயல்கிறது. மேலே நோயாளிகள், கீழே மொத்த மக்கள். இரண்டும் இருந்தால்தான் வீதம் கிடைக்கும். வீதம் இருந்தால்தான் இந்த ஊரையும் அந்த ஊரையும், இந்தச் சாதியையும் அந்தச் சாதியையும் ஒப்பிட முடியும்.

இந்த வேலையை யாரும் தனியாகச் செய்ததில்லை. இந்தியாவின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு 1963இல் பம்பாயில் தொடங்கியது. இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் தொடங்கியது அது. 1981இன் கடைசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியத் திட்டமாக எடுத்தபோது பெங்களூரும் சென்னையும் சேர்ந்தன. சென்னையில் அந்தப் பொறுப்பு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தது. 1987இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் நாட்டின் முதல் கிராமப்புறப் பதிவேடு. 1990இல் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இன்னொன்று. மோனசைட் மணலின் இயற்கைக் கதிர்வீச்சு அங்கே கடலோர மக்களை என்ன செய்கிறது என்று பார்க்க வீடு வீடாகப் போய் 3,85,103 பேரைக் கணக்கெடுத்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையில் ஒரு கிராமப்புற மருத்துவமனை, அடையாறு, பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து ஒரு பதிவேட்டை உருவாக்கின. பிறகு தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டம் வந்தது.

இந்தப் பதிவேடுகளின் முதுகெலும்பு பெரிய மருத்துவர்கள் அல்ல. ஆய்வகம் ஆய்வகமாக, மருத்துவமனை மருத்துவமனையாக, மரணப் பதிவு அலுவலகம் வரை நடந்து போய், பழைய கட்டுகளைப் புரட்டி, ஒரே நோயாளி மூன்று இடத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கும் ஊழியர்கள்தான். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாத வேலை இல்லை. சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து மாறியதற்காகத் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை முறை நடந்திருக்கிறோம்!

இனி என் சின்னம்மா கதையைச் சொல்கிறேன். எங்கள் நோட்டில் நான்காவது பெயர் அவருடையது. ஷூ கம்பெனியில் 14 வருடம் வேலை பார்த்தவர். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் போனதை யாரிடமும் சொல்லவில்லை. டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனார். சீட்டு எழுதும் இடத்தில் முகவரி கேட்டார்கள். காலனி பெயரைச் சொன்னதும் அங்கிருந்தவரின் குரல் மாறியது, "அப்படி ஓரமா நில்லு" என்றார். சின்னம்மா வயதில் பாதி இருப்பார் அந்த ஆள். அவர்கள் பரிசோதிக்கவில்லை, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்துச் சென்னையில் பெரிய மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய்ப் புற்று, மூன்றாம் நிலை என்றார்கள். தம்பி அங்கே வாடகைக்கு இருந்த வீட்டு முகவரியைக் கொடுத்தான். "காலனின்னு எழுத வேணாம்ணா, எதுக்கு வம்பு" என்றான். சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்து, வீட்டிலேயே இறந்தார். வயது 52. மரணப் பதிவில் காரணம் என்று எழுதியிருந்தது: உடல்நலக்குறைவு.

இந்தச் சாவு எந்தப் பதிவேட்டில் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். பதிவேட்டு விதிப்படி அந்த எல்லைக்குள் குறைந்தது ஓராண்டு வசித்தவர்தான் அந்த ஊர்க் கணக்கில் வருவார். சின்னம்மா சென்னையில் இருந்தது ஐந்து மாதம். ஆகவே சென்னைக் கணக்கில் இல்லை. சீட்டில் எங்கள் ஊர் முகவரி இல்லை. ஆகவே எங்கள் மாவட்டத்திலும் அவரைத் தேடிப் பிடிக்க வழியில்லை. மரணப் பதிவிலிருந்து பின்னோக்கித் தேடலாம் என்றால் அதில் புற்றுநோய் என்ற சொல்லே இல்லை. மூன்று வாசலிலும் அவர் எண்ணப்படாமல் வெளியே நின்றார். முதல் வாசலில் அவரை ஓரமாக நிற்கச் சொன்ன அதே தீண்டாமைதான் மற்ற இரண்டு வாசலிலும் அவரை மறைத்தது. காலனி என்று சொன்னால் அவமானம் வரும் என்ற அனுபவம் இருப்பதால் நம் சனங்கள் முகவரியை மறைக்கிறார்கள். முகவரியை மறைத்தால் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால், "அந்தப் பகுதியில் பிரச்சினை ஒன்றும் இல்லையே" என்று கோப்பு மூடப்படுகிறது.

அடுத்தது சாதி. பதிவேடுகள் வெளியிடும் அட்டவணைகளில் வயது உண்டு, பால் உண்டு, உடலில் எந்த உறுப்பு என்பது உண்டு. சாதி இல்லை. சமூகப் பிரிவைக் கேட்பது அறிவியலுக்கு ஒவ்வாது என்று யாராவது சொன்னால், பம்பாய்ப் பதிவேட்டை நினைவுபடுத்துங்கள். மதவாரியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்று அதிகம் என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்தது. அமெரிக்காவில் 1973 முதல் இயங்கும் தேசியப் பதிவேட்டுத் திட்டம் இனத்தையும் பதிகிறது. அதனால்தான் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்று வருவது வெள்ளைப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் அதனால் சாவது ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம் என்ற உண்மை வெளியே வந்தது. வருவது குறைவு, சாவது அதிகம் என்றால் கோளாறு உடலில் இல்லை, சிகிச்சை கிடைக்கும் விதத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அங்குள்ள அமைப்புகள் எவ்வளவு போராடியிருக்கின்றன! நம்மிடம் அந்த எண் இல்லை.

சுற்றி வளைத்துக் கொஞ்சம் தெரியும். 2010ஆம் ஆண்டு இந்தியாவின் புற்றுநோய் மரணங்களை ஆராய்ந்து 2012இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் புற்றுநோய் மரண வீதம் அதிகம் படித்தவர்களிடம் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. ஆண்களில் லட்சத்துக்கு 106.6க்கு எதிராக 45.7. பெண்களில் 106.7க்கு எதிராக 43.4. "பணக்காரர் நோய்" என்று நாம் கேட்டு வளர்ந்த பேச்சு அங்கேயே உடைந்தது. 2022இல் வந்த இன்னொரு ஆய்வு, 9 மாநிலங்களில் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆதிக்கச் சாதி இந்துக்களைவிட 3 ஆண்டுக்கு மேல், ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுக்கு மேல் குறைவு என்றது. இந்த இரண்டுக்கும் நடுவில், தலித்துகளுக்கு எந்தப் புற்று, எந்த நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறது, எத்தனை பேர் ஐந்தாண்டு பிழைக்கிறார்கள் என்ற பக்கம் வெற்றாகக் கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொதுவாக ஆய்வாளர்களுக்குக் கீழெண் கிடைப்பதுதான் சிரமம். நம் விஷயத்தில் கீழெண் தயாராக இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகான ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பட்டியல் சாதியினர் எண்ணப்பட்டிருக்கிறார்கள். 2011இல் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். மேலெண்தான் இல்லை. நோயாளியின் சாதியைக் கேட்டு எழுதினால் போதும், வீதம் வந்துவிடும். ஒரே சிக்கல் தலித் கிறிஸ்தவர்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியில் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடு கிறிஸ்தவ வீடு. ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே தோல் ஷாப், ஒரே வியாதி. கணக்கில் மட்டும் வேறு வேறு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. அப்போது இந்த ஓட்டையை அடைக்க வழி பிறக்கலாம். கணக்கெடுப்பில் நாம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை அரசியலாக்கியவர் பண்டிதர் அயோத்திதாசர். அவர் ஒரு சித்த மருத்துவரும்கூட என்பதை மறந்துவிடாதீர்கள்.

வேலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தோல் தூசி மூக்குக் குழிப் புற்றுக்குக் காரணம், ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுக்குக் காரணம், பென்சீன் ரத்தப் புற்றுக்குக் காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மூன்றையும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்பது உறுதியானவை. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்ததைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அந்தக் குவியல் யார் உடம்பில் இறங்கியது என்று எழுத யாரிடமும் கணக்கு இல்லை. கல்குவாரியின் சிலிக்கா தூசியும் டீசல் புகையும்கூட அதே முதல் வகுப்புதான். இந்த வேலைகளில் இருப்பது யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான மருத்துவச் சீட்டுகளில் தொழில் என்ற கட்டத்தில் "கூலி" என்று ஒரே சொல்.

சரி, இவ்வளவு தேவை இருக்கிறதே, பிறகு எதற்கு நிபந்தனை? அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன்.

திண்டுக்கல்லில் 2000 முதல் 2003 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். 114 கிராமத் தொகுதிகளில் 57இல் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். மற்ற 57 தொகுதிகளுக்கு வழக்கமான சேவை மட்டும். 2007இல் முடிவு வெளியானது: சோதனை தந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. விலை மலிவான, கிராமத்துச் செவிலியரே செய்யக்கூடிய ஒரு சோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு இது. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நம் அக்காமார்களுக்கு நடக்கும் சோதனை அதுதான். இதை மதிக்கிறேன்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. திண்டுக்கல், உஸ்மானாபாத், மும்பைக் குடிசைப் பகுதிகள் என்று மூன்று இடத்தில் நடந்த மூன்று ஆய்வுகளிலும் சோதனை தரப்படாத ஒப்பீட்டுக் குழுவில் மொத்தம் 1,38,624 பெண்கள். வெளியான முடிவுகளைக் கூட்டினால் அவர்களில் 254 பேர் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் இறந்தார்கள். பணக்கார நாடுகளில் பல பத்தாண்டுகளாகச் சோதனை செய்து உயிர் காப்பது தெரிந்திருக்கும்போது, ஒரு சாராரைச் சோதனை இல்லாமல் விட்டு எண்ணியது சரியா என்ற சர்ச்சை உலக அளவில் எழுந்தது. இந்தியாவில் அப்போது எந்தச் சோதனையும் இல்லாததுதான் வழக்கமான நிலை, யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பதில். நமக்கு வழக்கமாக ஒன்றும் கிடைப்பதில்லை என்பதையே அளவுகோலாக வைத்தால், ஒன்றும் தராமல் இருப்பதும் அறமாகிவிடும். இந்தத் தர்க்கத்தை நாம் ஏற்க முடியாது.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் ஆசிரமப் பள்ளி விடுதிகளில் இருந்த ஆதிவாசிச் சிறுமிகள் நிறையப் பேர். பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லது, நம் பெண்பிள்ளைகளுக்குப் போட வேண்டியது. கண்டனம் தடுப்பூசிமீது இல்லை. நம்மவர் கையெழுத்தை வேறொருவர் போட்டதுதான் குற்றம்.

எங்கள் தெருவிலும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு வந்து ரத்தம் எடுத்துப் போனது. பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். முடிவு இன்று வரை வரவில்லை. கேட்கப் போனபோது அந்த அறைக்கு வேறு பெயர்ப் பலகை மாட்டியிருந்தது. எங்கள் வட்டத்தின் கோபத்துக்கு இவ்வளவு பின்னணி இருக்கிறது.

உலகத்தில் நம்மைப் போல ஆய்வுப் பொருளாக்கப்பட்டவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களை ஆராய வருவோருக்கான நெறிமுறைகளைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். கனடாவின் முதற்குடிகள் தங்களைப் பற்றிய தரவின் உரிமையும் கட்டுப்பாடும் தங்களிடமே இருக்க வேண்டும் என்ற கொள்கையை 1998லேயே வகுத்தார்கள். அவர்கள் ஆய்வை விரட்டவில்லை, வாசலில் நின்று விதி சொன்னார்கள். நாங்களும் ஆறு விதி எழுதினோம்.

ஒன்று: கேள்வித்தாள் அச்சாகும் முன்பே எங்களோடு உட்கார வேண்டும். ஆய்வுக் குழுவில் காலனிப் பெண்கள் இருவராவது ஓட்டுரிமையோடு இருக்க வேண்டும்.

இரண்டு: ஒப்புதல் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, தமிழில், படித்துக் காட்டிப் பெற வேண்டும். ஊர்த் தலைவரோ விடுதிக் காப்பாளரோ யாருக்காகவும் கையெழுத்திடக் கூடாது.

மூன்று: நோய் இருப்பதாகத் தெரிந்தவரை எண்ணிவிட்டுப் போகக் கூடாது. சிகிச்சைக்கு யார் அழைத்துப் போவார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை யார் சரி செய்வார், பஸ் செலவு யாருடையது என்பது முதல் நாளே எழுத்தில் வேண்டும். பயன் தரும் என்று தெரிந்த சோதனையை எந்தத் தெருவுக்கும் மறுக்கக் கூடாது.

நான்கு: சாதியும் தொழிலும் கேட்க வேண்டும், அவரவர் சொல்வதை எழுத வேண்டும், தலித் கிறிஸ்தவர் என்ற பதிலுக்கும் இடம் வேண்டும். பெயரும் சாதியும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. வெளியிடும்போது தெருப் பெயர் வரக் கூடாது. ஒரு பகுதியில் நாலைந்து பேர்தான் நோயாளி என்றால் அதைப் பக்கத்துப் பகுதிகளோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் யார் வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஐந்து: முடிவுகள் ஆங்கில இதழுக்குப் போகும் முன் காலனிக் கூட்டத்தில் தமிழில் சொல்லப்பட வேண்டும். எங்கள் தரவையோ ரத்தத்தையோ வேறு ஆய்வுக்கோ கம்பெனிக்கோ கொடுப்பதானால் மறுபடி கேட்க வேண்டும்.

ஆறு: தகவல் சேகரிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி, சம்பளம், ஆய்வறிக்கையில் பெயர். "சமூக சேவைதானே" என்று இலவசமாக வேலை வாங்குவதற்கு எங்கள் தாத்தா காலத்தில் வெட்டி வேலை என்று பெயர்.

கல்லூரி நான்கை ஏற்றுக்கொண்டது. சாதிக் கேள்வியிலும், முடிவை முதலில் எங்களிடம் சொல்வதிலும் இழுக்கிறார்கள். "சாதியைக் கேட்டால் பிரச்சினை வருமே" என்றார் ஒரு பேராசிரியர். நல்ல மனிதர்தான். பள்ளியில் சேர்க்கும்போது கேட்கப்பட்ட சாதி, செத்தால் எந்தச் சுடுகாடு என்று முடிவு செய்யும் சாதி, நோய் எழுதும் நோட்டில் மட்டும் ஏன் கூச்சப்படுகிறது என்று கேட்டோம். கிளினிக் சீட்டில் முகவரியாகவே சாதி எழுதப்பட்டு என் சின்னம்மா ஓரமாக நிறுத்தப்பட்டார். அங்கே அது அவமதிக்க உதவியது. இங்கே அதை அவர் பக்கம் நின்று சாட்சி சொல்லப் பயன்படுத்தக் கேட்கிறோம். பேச்சு இன்னும் முடியவில்லை. அந்த இரண்டும் இல்லாமல் நாங்கள் இறங்கப் போவதில்லை என்று வட்டம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. வேண்டாம் என்றவர்களும் கையெழுத்திட்டார்கள்.

இதற்கிடையில் காத்திருக்காமல் செய்யக்கூடியவை உண்டு. பார்சியில் பதிவேடு வந்தபோது எண்ணிக்கையோடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய் அறிகுறிகளைப் பற்றிப் பேசினார்கள். சில ஆண்டுகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்று முன்னைவிட ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்பட்டது என்று 1995இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரிய இயந்திரம் ஏதுமில்லை, பேச்சுதான். தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையேனும் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்திய சராசரி 1.9தான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் பத்தில் ஒன்பது பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2023இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஈரோடு, கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களில் அரசு வீடு தேடி அழைப்புச் சீட்டுக் கொடுத்துப் புற்றுநோய்ச் சோதனையைத் தொடங்கியது. அந்தச் சீட்டு உங்கள் காலனிக்கு வந்ததா, வந்தவர்கள் போனார்களா, போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்டு எழுதலாம்.

ஆகவே உங்களிடம் மூன்று வேலை கேட்கிறேன். உங்கள் தெருவுக்கு ஒரு நோட்டு போடுங்கள். பெயரை ஒரு நோட்டிலும், வயது, வேலை, எந்த உறுப்பில் நோய், எந்த மாதம் தெரிந்தது, எந்த நிலை, எங்கே சிகிச்சை என்பதை எண் போட்டு இன்னொன்றிலும் எழுதுங்கள். பெயர் நோட்டு யார் கண்ணிலும் படக் கூடாது. இரண்டாவது, வீட்டில் சாவு நேர்ந்தால் மரணப் பதிவில் உண்மையான காரணத்தை எழுத வைக்க மருத்துவமனைச் சீட்டோடு நேரில் போய் நில்லுங்கள். சிகிச்சைக்குப் போனால் சொந்த ஊர் முகவரியைக் கொடுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்மீது புகார் எழுத வட்டத்துக்கு வாருங்கள், சட்டம் படிக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, புள்ளியியல், செவிலியர், ஆய்வக நுட்பம், நோய்ப்பரவலியல் படிக்கும் நம் பிள்ளைகள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். பதிவேட்டு அலுவலகங்களில் வேலை அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். கேள்வி கேட்கும் நாற்காலியிலும் நாம் உட்கார வேண்டும்.

இதுவரை ஏழு காலனிகளிலிருந்து நோட்டு வந்திருக்கிறது. நூறுக்கு இன்னும் 93 வேண்டும்.

ஜெய்பீம்.